சேலத்தில் லேப்டாப் சர்வீஸ் கடையில் வேலை செய்கிறேன். டெவ்ஆப்ஸ் துறைக்குப் போக என்ன வழி?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி: பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தவர், ஒன்றரை வருடமாகச் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் இருக்கிறார். கிளவுட் (இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள்), டெவ்ஆப்ஸ் (மென்பொருளைச் சர்வர்களில் ஏற்றி, நிற்காமல் ஓடப் பார்த்துக்கொள்வது) வேலைக்குப் போக ஆசை. ஒரு பயிற்சி மையத்தில் 55,000 ரூபாய் கேட்கிறார்கள். நான்கு மாதக் கோர்ஸ் முடிந்ததும் மூன்று வருட அனுபவச் சான்றிதழும் ஏற்பாடு செய்து தருவார்களாம். சேரலாமா?

சேராதீர்கள். காசு கொடுத்துப் படிப்பதில் தப்பில்லை, நானும் படித்திருக்கிறேன். அந்தச் சான்றிதழ்தான் காரணம். ஓரளவு பெரிய நிறுவனம் எதுவானாலும் ஆள் எடுக்கும்போது பின்னணிச் சரிபார்ப்பு நடத்தும். பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண்ணை வைத்து எந்த நிறுவனம் எந்த மாதம் உங்களுக்குப் பணம் கட்டியது என்று பார்ப்பார்கள். அங்கே மூன்று வருடம் காலியாக இருந்தால் ஆஃபர் லெட்டர் கையோடு போய்விடும்.

அதையும் தாண்டி உள்ளே வந்துவிட்ட ஒருவருடன் நான் வேலை செய்திருக்கிறேன். நல்ல பையன், புத்திசாலி. அனுபவசாலி என்று நம்பி இரண்டாவது வாரமே முக்கியமான சர்வர்களை அவர் பொறுப்பில் விட்டார்கள். ஒரு நாள் நள்ளிரவில் ஒன்று விழுந்தது. போன் அழைப்பில் பதினைந்து பேர் காத்திருக்கிறார்கள், சர்வரில் நடந்ததெல்லாம் பதிவாகும் லாக் எந்த இடத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. யாரையும் கேட்கவும் முடியவில்லை. கேட்டால் மூன்று வருடக் கதை வெளியே வந்துவிடும். ஃப்ரெஷர் என்று சொல்லி வந்திருந்தால் அதே கேள்வியை என்னிடம் பத்து முறை கேட்டிருக்கலாம், நானும் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி அவர் பேசமுடியாமல் நின்றது எனக்கு இன்னும் வலிக்கிறது.

சரி, நேர்வழி எது? டெவ்ஆப்ஸில் ஃப்ரெஷர்களுக்கான இடம் குறைவு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் கைவைக்கிற வேலை இது. ஒரு தவறான கட்டளை போதும், வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் நின்றுவிடும். அதனால் ஏற்கெனவே எதையாவது ஓட்டிப் பார்த்த ஆளைத்தான் தேடுவார்கள். அந்தப் பழக்கம் பலருக்கும் கிடைப்பது சப்போர்ட் வேலையில்தான்: லினக்ஸ் (சர்வர்களில் ஓடும் இயங்குதளம்) சப்போர்ட், ஹோஸ்டிங் (பிறர் தளங்களைத் தங்கள் சர்வரில் ஓட்டித் தருவது) சப்போர்ட், நெட்வொர்க் கண்காணிப்பு. நைட் ஷிப்ட் இருக்கும், சம்பளம் குறைவு. நான் நுழைந்ததும் அந்த வழியாகத்தான்.

எனக்குச் சொந்த ஊர் ஏற்காடு. அப்பாவுக்குக் காபி எஸ்டேட்டில் வேலை. தினமும் காலை பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்தில் கல்லூரிக்கு வந்து படித்தேன். முடித்ததும் கிடைத்தது ஒரு சின்ன ஹோஸ்டிங் நிறுவனத்தில் ராத்திரி ஷிப்ட், மாதம் 11,000 ரூபாய்.

சேர்ந்த மூன்றாவது மாதம். இரவு இரண்டு மணிக்கு ஒரு வாடிக்கையாளரின் தளம் நின்றுபோனது. பார்த்தால் டிஸ்க் நூற்றுக்கு நூறு நிரம்பியிருக்கிறது. ஒரே ஒரு லாக் கோப்பு 38 ஜிபி. அதை அழித்தேன். மறுபடி பார்த்தேன், அதே நூறு. டிஸ்க்கில் மீதி இடத்தைக் காட்டும் டிஎஃப் என்ற கட்டளை இடமே இல்லை என்கிறது. கோப்புகளைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளையோ பாதி டிஸ்க் காலி என்கிறது. இரண்டில் எதை நம்புவது? வேர்த்துவிட்டது. சீனியரை எழுப்பினேன். அவர் திட்டவில்லை, “அந்தக் கோப்பை இன்னும் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்” என்று மட்டும் சொன்னார்.

லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் பெயர்தான் போகிறது. ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை டிஸ்க்கில் அதன் இடம் அப்படியே இருக்கும். வெப்சர்வர் அந்த லாக்கைத் திறந்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் அது தெரிந்தது. வெப்சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் 38 ஜிபியும் திரும்பி வந்தது, தளமும் எழுந்தது. மறுநாள் தூங்காமல் உட்கார்ந்து, அந்த லாக் ஏன் அவ்வளவு வளர்ந்தது என்று தேடினேன். பழைய லாக்கைத் தினமும் மாற்றிவைக்க வேண்டிய அமைப்பில் ஃபோல்டர் பெயர் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். ஒன்றரை வருடம் கழித்து என் முதல் டெவ்ஆப்ஸ் இன்டர்வியூவில் இதே கேள்வி வந்தது: “கோப்பை அழித்தும் இடம் வரவில்லை, என்ன செய்வீர்கள்?” அந்த ராத்திரியை அப்படியே சொன்னேன். வேலை கிடைத்தது.

உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த விஷயமே நீங்கள் சர்வீஸ் கடையில் இருப்பதுதான். ஆன் ஆகாத லேப்டாப் வந்தால் என்ன செய்வீர்கள்? முதலில் சார்ஜர், அப்புறம் சார்ஜிங் போர்ட், பேட்டரியைக் கழற்றிப் பார்ப்பது, ராமை மாற்றிப் போடுவது, கடைசியில்தான் போர்டு. தளம் திறக்கவில்லை என்றால் நானும் அப்படித்தான் போகிறேன்: பெயர் சரியான ஐபி முகவரிக்குப் போகிறதா, அந்த முகவரிக்கு வழி இருக்கிறதா, சர்வரில் அந்தப் புரோகிராமுக்கான நெட்வொர்க் வாசலான போர்ட் திறந்திருக்கிறதா, புரோகிராம் ஓடுகிறதா, டிஸ்க்கிலும் மெமரியிலும் இடம் இருக்கிறதா. வரிசையாகத் தேடும் இந்தப் பொறுமையைக் கோர்ஸில் யாரும் ஊட்டிவிட முடியாது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பயிற்சி மையங்களின் விளம்பரத்தில் பதினைந்து டூல் பெயர்கள் இருக்கும். அப்ளிகேஷனைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் அடைத்து ஓட்டும் டாக்கர் வந்தது 2013-இல், அப்படிப் பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் 2014-இல். சர்வர்களைக் கோட் எழுதி உருவாக்கும் டெராஃபார்மும் 2014-தான். 2023-இல் அதன் லைசென்ஸை மாற்றினார்கள், உடனே ஓப்பன்டோஃபு என்று ஒரு கிளை பிரிந்தது. டூல்கள் இப்படி மாறிக்கொண்டேதான் இருக்கும். லினக்ஸ் 1991-இலிருந்து இருக்கிறது, தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். அதற்கும் முந்தையது. குபர்நெட்டிஸில் ஒரு கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு செத்துப்போனால், 128-உடன் கில் சிக்னலின் எண் 9 சேர்ந்து 137, பெரும்பாலும் மெமரி போதாமல் லினக்ஸின் மையமான கர்னல் கொன்றிருக்கும் என்று லினக்ஸ் தெரிந்தவருக்கு உடனே புரியும். தெரியாதவர் தேடிக்கொண்டே இருப்பார். அதனால் முதல் நான்கைந்து மாதம் லினக்ஸ், நெட்வொர்க், கொஞ்சம் பைதான் அல்லது பேஷ் (லினக்ஸ் கட்டளைகளைத் தொடராக எழுதி ஓட்டுவது), கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்துவைப்பது). இவ்வளவு போதும்.

கற்றுக்கொள்ள ஒரு நிஜ வேலையை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடையில் ரிப்பேருக்கு வரும் லேப்டாப்புகளை நோட்டில்தானே எழுதுகிறீர்கள்? அதை ஒரு சின்ன வெப் அப்ளிகேஷனாகச் செய்யுங்கள்: யாருடையது, என்ன பழுது, எப்போது தருவதாகச் சொன்னோம். அழகாக இருக்க வேண்டியதில்லை. முதலில் கடையில் கிடக்கும் பழைய கணினியில் லினக்ஸ் போட்டு ஓட்டுங்கள். அப்புறம் அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ்.-இல் ஒரு சின்ன சர்வர் எடுங்கள். மும்பையில் 2016-இலிருந்தே அவர்களுக்கு ரீஜன் (டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதி) இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். கணக்கு திறந்ததும் முதல் வேலை, செலவு எல்லை தாண்டினால் மெயில் வரும்படி பட்ஜெட் எச்சரிக்கை வைப்பது. இதைத் தள்ளிப்போடவே கூடாது. 2024 பிப்ரவரியிலிருந்து இணையத்தில் சர்வரைக் கண்டடைய உதவும் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறார்கள், ஒரு மாதத்துக்குச் சுமார் 3.6 டாலர். தனி நெட்வொர்க்கில் இருக்கும் சர்வர்களை இணையத்தோடு இணைக்கும் நாட் கேட்வே என்பதை ஒரு வீடியோவைப் பார்த்து உருவாக்கிவிட்டு மறந்தால், யாரும் பயன்படுத்தாவிட்டாலும் மணிக்கணக்கில் காசு ஓடும். படித்து முடித்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும்.

டொமைன் வாங்கி இணையுங்கள், பாதுகாப்பான இணைப்புக்கு எச்.டி.டி.பி.எஸ். போடுங்கள். பிறகு பேக்கப். இங்கே கொஞ்சம் நில்லுங்கள், இதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். 2017 ஜனவரி 31 அன்று கோட் சேமித்துவைக்கும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர், வேறொரு சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் தரவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப், வெர்ஷன் பொருந்தாமல் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அவர்கள் நடந்ததை மறைக்காமல் முழுதாக எழுதி வெளியிட்டார்கள், அதற்காகவே எனக்கு அவர்கள்மேல் மரியாதை. நீங்கள் செய்ய வேண்டியது: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புது சர்வர் ஒன்றை எடுத்து, பேக்கப்பிலிருந்து கடைப் பதிவேட்டை மீட்டுப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது, எங்கே சிக்கியது என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் இதைச் சொல்லும் ஃப்ரெஷரை நான் இன்றுவரை ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் அன்றே எடுத்துக்கொள்வேன்.

அதே சர்வரைக் கையால் மூன்றாவது முறை உருவாக்கும்போது சலிப்பு வரும். டெராஃபார்ம் படிக்க அதுதான் சரியான நேரம். கோட் மாற்றும் ஒவ்வொரு முறையும் உள்ளே போய்க் காப்பி செய்வது எரிச்சலானால், அதைத் தானாகச் செய்யும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ். அப்புறம் டாக்கர். குபர்நெட்டிஸ் கடைசியில், அதுவும் உங்கள் சொந்தக் கணினியில்.

சான்றிதழ் தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாக. ஏ.டபிள்யூ.எஸ். சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் என்பது 65 கேள்விகள், 130 நிமிடம், விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. எச்.ஆர். வடிகட்டியைத் தாண்ட உதவும், ஒன்று எழுதலாம். குபர்நெட்டிஸின் சி.கே.ஏ. தேர்வில் இரண்டு மணி நேரம் நிஜமாகவே டெர்மினலில் வேலை செய்து காட்ட வேண்டும். என் மதிப்பில் அதற்குத்தான் எடை அதிகம், ஆனால் வேலையில் சேர்ந்தபிறகு எழுதினால் போதும், பல நிறுவனங்களில் பணமும் அவர்களே கட்டுவார்கள். அந்த 55,000 ரூபாயில் உங்கள் கணினிக்கு 16 ஜிபி ராமும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் போடுங்கள், உங்கள் கடையிலேயே அடக்க விலைக்குக் கிடைக்கும். மீதியைப் பெங்களூரில் முதல் இரண்டு மாத வாடகைக்கு வையுங்கள்.

ஆமாம், முதல் இரண்டு மூன்று வருடம் பெங்களூருக்கோ சென்னைக்கோ போங்கள் என்றுதான் சொல்வேன். பக்கத்து நாற்காலியில் வேலை தெரிந்தவர் ஒருவர் இருப்பது அந்த வயதில் பெரிய விஷயம். சேலத்திலிருந்து பெங்களூர் சுமார் 200 கிலோமீட்டர்தான், வாரக்கடைசியில் வந்துபோகலாம். நான் ஐந்து வருடம் அங்கே இருந்துவிட்டு இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் வீடெடுத்து இங்கிருந்தே வேலை செய்கிறேன்.

இன்னொன்று, வீட்டில் முன்கூட்டியே பேசிவையுங்கள். ஆன்-கால் என்று ஒன்று உண்டு. முறை வரும் வாரத்தில் எந்த நேரம் அழைப்பு வந்தாலும் சில நிமிடங்களில் லேப்டாப்பைத் திறக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு 99.9 சதவீத நேரம் தளம் ஓடும் என்று வாக்குக் கொடுத்திருந்தால், 30 நாளில் மொத்தம் 43 நிமிடம்தான் நிற்கலாம். அடிவாரத்திலிருந்து பஸ் ஏற்காடு போய்ச் சேர்வதற்குள் அது முடிந்துவிடும், வழியில் சில வளைவுகளில் சிக்னலும் இருக்காது. அதனால் என் முறை வரும் வாரத்தில் நான் மலை ஏறுவதில்லை. பொங்கலானாலும் அப்படித்தான். முதல் வருடம் அம்மாவுக்கு இது புரியவே இல்லை, நானும் சரியாகச் சொல்லவில்லை. இப்போது வருடத் தொடக்கத்திலேயே முறைப் பட்டியலை வாங்கி, பண்டிகை வாரங்களை நண்பர்களோடு மாற்றிக்கொண்டு, வீட்டுக் காலண்டரில் குறித்துக் கொடுத்துவிடுகிறேன்.