புதன் மாலைப் பந்தயமும் இரண்டு வருட லாக் கோப்பும்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிவிடுகிறேன். ஆக்லாந்துக்கு வந்து மூன்று மாதம், டேட்டா அனலிஸ்ட் வேலை. அலுவலக நண்பர் புதன்கிழமை மாலைப் பாய்மரப் படகுப் பந்தயத்துக்குக் கூட்டிப்போனார். உங்கள் தொழில் தெரிந்ததும் படகுக்காரர் இரண்டு வருட லாக் கோப்புகளை (படகின் கருவிகள் பதிந்துவைத்த எண்களை) கையில் கொடுத்து, "நாம் ஏன் பின்தங்குகிறோம் என்று பார்" என்றுவிட்டார். எங்கே தொடங்குவது?

படகின் அடிப்பக்கத்தில் சுழலும் சின்னத் துடுப்புச் சக்கரத்தில் தொடங்குங்கள். லேப்டாப் அப்புறம்.

காரணம் இதுதான். பத்து மீட்டர் கிளப் படகில் இருக்கும் சென்சார்கள் நாலே நாலு: நீரில் போகும் வேகத்துக்குச் சக்கரம், பாய்மர உச்சியில் காற்றுமானி, திசைகாட்டி, ஜிபிஎஸ். திரையில் வரும் 'உண்மைக் காற்று' எந்தச் சென்சாரும் அளந்தது இல்லை. உச்சியில் உணரும் காற்றிலிருந்து படகின் வேகத்தைக் கழித்துக் கருவி போடும் கணக்கு அது. வேகம் தப்பினால் காற்றும் தப்பும்.

நிஜக் காற்று 12 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), அதற்கு 42 டிகிரியில் படகு 6.4 நாட் வேகத்தில் காற்றை எதிர்த்து ஏறுகிறது என்று வையுங்கள். உச்சியில் தெரியும் காற்று 17.3 நாட், ஏறக்குறைய 28 டிகிரி. சக்கரத்தில் பாசி பிடித்து வேகத்தை 5.9 என்று காட்டினால், கருவி காற்றை 12.4 நாட், 40.4 டிகிரி என்று சொல்லும். ஒன்றரை டிகிரிதானே என்று விடாதீர்கள். டாக் அடித்து, அதாவது காற்று மறுபக்கத்தில் வரும்படி மூக்கைத் திருப்பி, மறுபக்கம் போனதும் பிழையும் பக்கம் மாறும். காற்றுத் திசை 3 டிகிரிக்கு மேல் நகர்ந்ததாகத் திரை காட்டும், அதுவும் ஒவ்வொரு தடவையும் படகின் மூக்குப் பக்கமாகவே. அதை நம்பினால் திரும்பிய கையோடு மறுபடி திரும்பச் சொல்லும். உங்கள் கையில் இருக்கும் இரண்டு வருடக் கோப்பு முழுக்க இப்படிப்பட்ட பொய்க் காற்று இருக்க வாய்ப்பு அதிகம். அதிலிருந்து கிராஃப் போட்டுக் காட்டி நல்ல பெயர் வாங்க நினைக்க வேண்டாம்.

சக்கரத்தைக் கழற்றும்போது அந்த ஓட்டை வழியே தண்ணீர் பீய்ச்சி வரும். அடைப்பை முதலிலேயே கையில் வைத்துக்கொண்டு கழற்ற வேண்டும். சுத்தம் செய்து மாட்டியபின், நீரோட்டம் குறைவான இடத்தில் இன்ஜினில் ஒரே சீராக ஓட்டுங்கள். நேர்கோட்டில் நாலைந்து நிமிடம் போய், உடனே திரும்பி எதிர்த்திசையில் அதே அளவு, மறுபடி முதல் திசையில் ஒரு ஓட்டம். ஜிபிஎஸ் சராசரி 6.8, 5.4, 6.6 என்று வந்தால் நடு ஓட்டத்தை இரண்டு மடங்காகக் கூட்டி நாலால் வகுங்கள்: 6.05. ஓட்டங்களுக்கிடையே நீரோட்டம் மாறுவதால்தான் இந்த மூன்றாவது ஓட்டம். சக்கரம் காட்டிய வேகத்துக்கும் அதே கணக்கைப் போட்டு 5.6 வந்தால் அதை 1.08 ஆல் பெருக்குவதுதான் திருத்தம்.

அப்புறம் திசைகாட்டி. இங்கே காந்த வடக்கு நிஜ வடக்கிலிருந்து சுமார் 20 டிகிரி கிழக்கே விலகியிருக்கிறது. ஜிபிஎஸ் திசை நிஜ வடக்கிலும் திசைகாட்டி காந்த வடக்கிலும் பதிவாகியிருந்து, இரண்டையும் கலந்துவிட்டால், 6 நாட் வேகத்தில் இல்லாத நீரோட்டம் ஒன்று 2 நாட் வலுவில் முளைக்கும்.

கடைசியாகக் காற்றுக் கோணம். காற்று நிலையாக இருக்கும் நாளில் ஆறெட்டு டாக், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். காற்றின் திசை பக்கத்துக்குப் பக்கம் தாவினால் தாவலில் பாதி அளவைக் கோணத்தில் திருத்துங்கள். திசை தாவாமல் ஒரு பக்கம் 25, மறுபக்கம் 31 என்று உச்சிக் கோணம் மட்டும் வேறுபட்டால், காற்றுமானி கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் மாலையில் காற்று அடங்கும் நேரத்தில் கீழே ஒரு திசை, உச்சியில் வேறு திசை என்று அடிப்பதுண்டு. அன்றைக்கு எதையும் தொடாதீர்கள்.

2021 அமெரிக்காஸ் கப் பாய்மரப் படகுப் போட்டிக்கு டீம் நியூசிலாந்து தன் சிமுலேட்டரில் செயற்கை நுண்ணறிவுக்குப் படகோட்டப் பழக்கி, படகை நீருக்கு மேலே தூக்கும் ஃபாயில் எனும் இறக்கைகளின் வடிவங்களைச் சோதித்தது. அந்தக் கதையை அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்கு பைதானில் ஐம்பது வரி போதும். விநாடிக்கு ஒரு பதிவு தாராளம். ஒவ்வொரு டாக்குக்கும் 20 விநாடி முன்பிருந்து 60 விநாடி பின்பு வரை வெட்டிவிட்டு, மிச்சத்தை 30 விநாடிச் சராசரியாக்கி, காற்று வேகம் 2 நாட், கோணம் 5 டிகிரி என்று பெட்டி பிரியுங்கள். கோணங்களை சைன், கொசைன் வழியாகச் சராசரி எடுங்கள்; 359-க்கும் 1-க்கும் நடு 180 இல்லை என்பது தெரிந்தவர்களும் சறுக்கும் இடம் இது. கோப்பு யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். கோடையில் நாம் 13 மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் 12. எந்த முன்பாய், எத்தனை பேர், அலை எப்படி என்பதெல்லாம் சென்சாரில் வராது. நோட்டில் எழுதினால்தான் உண்டு.

படகின் இலக்கு வேகங்கள், அதாவது போலார் அட்டவணை, பாய் தைப்பவரிடமோ, பந்தயப் படகுகளுக்குத் தரும் ஓஆர்சி அளவீட்டுச் சான்றிதழிலோ கிடைக்கலாம். காற்றோடு இறங்கும்போது பாய்களால் உச்சியில் காற்று வேகம் கூடுதலாகக் காட்டும். அப்போது இலக்கும் ஏறிப்போய், நன்றாகப் போகும் படகுகூட மந்தமாகத் தெரியும்.

சுக்கான் பிடிப்பவருக்கு விஎம்ஜி எண்ணை, அதாவது காற்று வரும் திசையை நோக்கி மட்டும் படகு முன்னேறும் வேகத்தை, காட்டாதீர்கள். 42 டிகிரியில் 6.4 நாட் போனால் விஎம்ஜி 4.76. அவர் படகின் மூக்கைக் காற்றுக்கு இன்னும் நெருக்கமாக 36 டிகிரிக்குத் திருப்பினால், வேகம் இன்னும் விழாத சில விநாடிகளில் அது 5.18 ஆகும். ஆஹா என்று அங்கேயே பிடித்திருப்பார், படகு வேகமிழந்து செத்துவிடும். '12 நாட் காற்று, 6.4' என்று இலக்கு வேகத்தை மட்டும் டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.

இங்கே படகுக்காரரை சார் என்று கூப்பிட வேண்டாம், பெயர் சொன்னால் போதும். அதற்காகப் பந்தயத்தின் நடுவே "நீங்கள் 4 சதவீதம் மெதுவாக ஓட்டுகிறீர்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். முதல் நாலைந்து வாரம் படகு அதிகம் சாயாதபடி ஓரத்தில் உட்கார்ந்து எடை கொடுங்கள், எண்களைக் கரைக்கு வந்தபின் பேசலாம். டெக்கில் கறை போடாத அடிப்பாகமுள்ள ஷூ, மழைக்கோட்டு, சன்ஸ்கிரீன் மூன்றும் அவசியம். போகிற அன்று, சக்கரத்தைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் பழைய பல் பிரஷ் ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.