குதிரைப் பந்தயமும் நாற்பது சதவீதமும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குதிரைப் பந்தயத்தின் மீதான 40 சதவீத ஜி.எஸ்.டி. பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: ‘இந்த வரி பந்தயத்தை ஒழிக்காது, இடம் மாற்றும்.’ எனக்கு உடன்பாடில்லை. ரேஸ் என்பது சூதாட்டம். எத்தனையோ குடும்பங்களைக் கெடுத்தது. நூற்று அறுபது ஏக்கரை வருடத்துக்கு அறுநூற்றுச் சொச்சம் ரூபாய் வாடகையில் வைத்திருந்த கிளப்புக்கு நீங்கள் ஏன் பரிந்து பேச வேண்டும்? சிகரெட்டுக்குப் போடுவதுபோல வரி போட்டால் தானாகக் குறையாதா? இதையெல்லாம் யார் கண்காணிக்கிறார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. ரேஸே இல்லாமல் போனால் குதிரைகளைத் தவிர யாருக்கு என்ன நஷ்டம்?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

நிலம், வரி, கண்காணிப்பு என்று மூன்று வழக்குகளை ஒரே கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் தீர்ப்பு ஒன்றாக இருக்க முடியாது.

நிலத்தை முதலில் முடித்துவிடலாம். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. சென்னை கிண்டியில் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 160.86 ஏக்கர் அரசு நிலம், 1945 ஏப்ரல் முதல் 99 ஆண்டுக் குத்தகை, வருட வாடகை 614 ரூபாய் சொச்சம். பாக்கி 730 கோடியே 86 லட்சத்தைக் கட்டச் சொல்லி 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. ஊட்டி ரேஸ் கோர்ஸின் ஐம்பத்திரண்டு ஏக்கர் அதற்கு மூன்று மாதம் முன்பே அரசின் கைக்கு வந்திருந்தது. பொது நிலத்தைச் சந்தை வாடகையில் கால்வாசிகூடக் கொடுக்காமல் வைத்திருப்பதற்கு எந்த விளையாட்டும் நியாயம் ஆகாது. அந்த இடத்தில் குளம் வெட்டினால் வேளச்சேரிக்காரர்கள் மழைக்காலத்தில் வாழ்த்துவார்கள்.

சூதாட்டம் என்கிறீர்கள். தமிழ்நாடு அப்படித்தான் நினைத்தது. 1974இல் பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் வந்தது, 1986இல் கிளப்பைக் கையகப்படுத்த இன்னொன்று வந்தது. இரண்டும் உச்ச நீதிமன்றத்தில் போய் நின்றன. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் ஆகாது என்று 1996 ஜனவரியில் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆனால் வரி விஷயத்தில் அந்தத் தீர்ப்பு இன்று குடை பிடிக்காது. 2023 அக்டோபரில் அமலான ஜி.எஸ்.டி. திருத்தம் சூதாட்டம், லாட்டரி, காசினோ ஆகியவற்றோடு ‘குதிரைப் பந்தயம்’ என்பதையும் தனியாகப் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற விவாதமே அங்கே தேவைப்படவில்லை.

இனி வரி. இங்கேதான் நீங்களும் நானும் பிரிகிறோம். வரி எவ்வளவு என்பதைவிட எதன்மேல் விழுகிறது என்பதே என் கேள்வி.

கிளப்பே நடத்தும் பந்தயக் கவுண்டருக்கு டோட் என்று பெயர். அது வேலை செய்யும் விதம் எளிது. ஒரு ரேஸுக்குக் கட்டப்படும் ‘வின்’ பணம் (முதலாவதாக வரும் குதிரை எது என்று கட்டுவது) எல்லாம் ஒரே குவியலில் சேரும். கிளப் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பங்கிடும். எந்தக் குதிரை ஜெயித்தாலும் கிளப்புக்குக் கிடைப்பது அந்தக் கமிஷன் மட்டும்தான். கணக்குக்காகக் கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய் பந்தயத்தில் கிளப்புக்கு 10, பங்கிட 90. வரியைக் கிளப் சம்பாதித்த 10 ரூபாயின் மேல் போட்டால் 40 சதவீதம் என்பது 4 ரூபாய். ஆனால் விதி முழு முகமதிப்பின் மேல், அதாவது கட்டிய 100 ரூபாயின் மேல் போடுகிறது. 2018இல் வந்த ஜி.எஸ்.டி. 31ஏ விதி அதுதான். கிளப்பின் கையில் இருப்பது பந்தயக்காரர்களின் பணம், கிளப்பின் வருமானம் கமிஷன் மட்டுமே என்று சொல்லி 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023 திருத்தம் முழு மதிப்பை மீண்டும் நிலைநாட்டியது. அப்போது 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 40.

டிக்கெட் வாங்குபவர் பக்கத்திலிருந்து பாருங்கள். 100 ரூபாய்க்கு ஆட 140 எடுத்து வைக்கிறார். எல்லோருமாகச் சேர்ந்து திரும்பப் பெறுவது 90. ஆக ஒரு சுற்றில் போட்டதில் 64 சதவீதம்தான் திரும்புகிறது. ரேஸுக்குப் போகிறவர் ஒரே ரேஸோடு எழுந்து வருவதில்லை, வந்த பணத்தை அடுத்ததில் போடுவார். 1000 ரூபாயோடு தொடங்கினால் சராசரியில் ஐந்தாவது ரேஸ் முடியும்போது கையில் 110 ரூபாய் இருக்கும். வரி இல்லாமல் கமிஷன் மட்டும் போனால் 590. வேடிக்கை என்னவென்றால், காசினோவுக்கும் இணைய விளையாட்டுக்கும் எழுதப்பட்ட விதிகளில் ஜெயித்த பணத்தை வெளியே எடுக்காமல் மறுபடி ஆடினால் அதற்குப் புது வரி இல்லை. ரேஸுக்கு அந்தச் சலுகை எழுதப்படவில்லை. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் வரி முதலிலிருந்து தொடங்குகிறது.

இதற்கு மேல் வருமான வரி. ஜெயித்த தொகைக்கு 30 சதவீதம். தோற்ற டிக்கெட்டுகளைக் கழித்துக்கொள்ள முடியாது. ஒரே பரிவர்த்தனையில் பத்தாயிரத்தைத் தாண்டினால் கவுண்டரிலேயே பிடித்துவிடுவார்கள்.

சிகரெட் உதாரணம் இங்கே பொருந்தாததற்கு இதுதான் காரணம். கடைச் சிகரெட்டின் விலை ஏறினால் அதே சிகரெட்டைப் பாதி விலையில், கடனுக்கு, போனில் கொடுப்பவன் கிடைப்பது அரிது. பந்தயத்தில் அப்படிப்பட்டவன் தெருவுக்குத் தெரு உண்டு. சீட்டு எழுதாமல் வாய்வார்த்தையில் பந்தயம் பிடிக்கும் புக்கிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, டி.டி.எஸ். இல்லை, கணக்குத் தீர்க்க வாரக்கடைசி வரை தவணையும் தருகிறான். அவன் விலை வைப்பது கிளப் நடத்தும் அதே ரேஸின்மேல்தான். குதிரைக்குக் கொள்ளு வாங்குவதற்குக்கூட ஒரு பைசா கொடுப்பதில்லை. உரிமம் பெற்ற புக்கிகளிடமே இந்த ஆசை வரும். அவர்கள் ஜி.எஸ்.டி. ஏய்த்ததாகப் புகார் எழுந்து, 2024இல் கர்நாடக அரசு பெங்களூரு கிளப்புக்கு உரிமமே மறுத்தது.

டோட் சிறுத்தால் இன்னும் வேகமாகச் சிறுக்கும். 50,000 ரூபாய் குவியலில் ஒரு குதிரைமேல் 8,000 இருக்கிறது என்றால், கமிஷன் போக அது ரூபாய்க்கு 5.60 தரும். அதன்மேல் நீங்கள் ஒருவரே 10,000 கட்டினால் குவியல் 60,000, அந்தக் குதிரைமேல் 18,000. டிவிடெண்ட், அதாவது ஜெயித்தால் திரும்பக் கிடைப்பது, ரூபாய்க்கு 3 ஆகிவிடும். பெரிய கை இதைப் பார்த்ததும் புக்கியிடம் போகும். கமிஷன் குறைந்தால் பரிசுத்தொகை குறையும், உரிமையாளர் புதுக் குதிரை வாங்கமாட்டார், பத்துக் குதிரை ஓடிய ரேஸில் ஐந்து ஓடும். ஐந்து குதிரை ரேஸில், முதல் மூன்று இடங்களை வரிசையாகச் சொல்ல வேண்டிய டனாலா ஆட யார் வருவார்கள்?

ஹாங்காங் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. அங்கே 1996-97இல் 9,200 கோடி ஹாங்காங் டாலராக இருந்த பந்தயத் தொகை, பத்தாண்டுக்குள் சுமார் 6,000 கோடிக்கு வந்தது. 2006இல் வரியை மொத்தப் பந்தயத்திலிருந்து எடுத்து, பங்கிட்டது போக மிஞ்சும் தொகையின்மேல் போட்டார்கள். விகிதம் 72.5 முதல் 75 சதவீதம். நம் நாற்பதைவிட எவ்வளவோ அதிகம்! ஆனால் பெரிய தொகை கட்டித் தோற்றவர்களுக்குக் கிளப் ஒரு பங்கைத் திருப்பித் தர இடம் கிடைத்தது, திருட்டுப் புக்கியிடம் போனவர்கள் திரும்பினார்கள். 2013-14இல் தொகை 10,000 கோடியைத் தாண்டியது. பிரிட்டனில் பந்தய நிறுவனங்களின் மொத்த லாபத்தின்மேல் 15 சதவீத வரி. அது தவிர பிரிட்டிஷ் ரேஸில் கிடைத்த லாபத்தில் 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்டதில் 10 சதவீதம், லெவி போர்டு வழியாகப் பரிசுத்தொகைக்கும் கண்காணிப்புக்கும் கால்நடை ஆராய்ச்சிக்கும் போகிறது. ரேஸை வைத்துச் சம்பாதிப்பவன் ரேஸுக்குக் கொடுக்கிறான். நம்மூரில் அப்படி ஒரு நிதியே கிடையாது.

கண்காணிப்பு என்று வரும்போது கிளப்புகளுக்கு ஆதரவாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. இந்தியாவில் ரேஸை நடத்துவதும் கிளப், விதி எழுதுவதும் கிளப், தண்டிப்பதும் கிளப். சம்பளம் வாங்கும் ஸ்டைபெண்டரி ஸ்டூவர்டுகள் என்ற ரேஸ் அதிகாரிகள் விசாரித்தாலும், மேலே உட்கார்ந்திருப்பது உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த ஸ்டூவர்டுகள். அவர்களில் குதிரை வைத்திருப்பவர்கள் உண்டு.

இது ஏன் முக்கியம் என்றால், ஊக்கமருந்து மட்டுமே திருட்டு இல்லை. அதற்காவது ரத்தமும் சிறுநீரும் எடுத்து, ‘ஏ’ ‘பி’ என்று இரண்டு புட்டியில் முத்திரை வைத்து அனுப்பலாம். பழக்கமான திருட்டு வேறு. நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றிச் சமன் செய்யும் ஹேண்டிகேப் ரேஸில், ஒரு ரேட்டிங் புள்ளிக்கு அரைக் கிலோ எடை. ஒரு குதிரையை மூன்று நான்கு தடவை பின்னால் பிடித்து ஓட்டினால் பத்துப் புள்ளி இறங்கும், அதாவது ஐந்து கிலோ. ஒரு மைல் ஓட்டத்தில் கிலோவுக்கு ஒரு குதிரை நீளம் என்பது தோராயமான வழக்கு. அப்புறம் ஒருநாள் நல்ல விலையில் பணம் கட்டி, பிடித்த கடிவாளத்தை விடுவார்கள். இதைப் பிடிக்க ரேஸின் வீடியோ மட்டும் போதாது. யார் எப்போது எவ்வளவு கட்டினார்கள் என்ற பதிவும் பக்கத்தில் வேண்டும். பணம் சீட்டில்லாத புக்கியிடம் போய்விட்டால் அந்தப் பதிவே இல்லை. வரியும் கண்காணிப்பும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

பிரிட்டனில் ஜாக்கி கிளப் தன் கண்காணிப்பு அதிகாரத்தை 2006இல் தனி அமைப்பிடம் விட்டுக்கொடுத்தது. அமெரிக்கா இதற்கென்று 2020இல் மத்தியச் சட்டமே போட்டது. இங்கே வரிச் சலுகை கேட்டு நிற்கும் கிளப்புகள் முதலில் இதைச் செய்துவிட்டு வந்திருந்தால் அவர்கள் பேச்சு எடுபட்டிருக்கும்.

கடைசியாகக் குதிரைகள். அவற்றைத் தவிர யாருக்கு நஷ்டம் என்று கேட்டீர்கள். குதிரையைப் பராமரிக்கும் சயிஸ்களுக்கு, லாடம் அடிப்பவர்களுக்கு, காலை ஓட்டத்துக்கு ஏறும் ரைடிங் பாய்களுக்கு. மூடுவதென்றால் சிங்கப்பூரைப் பாருங்கள். 2023 ஜூனில் அறிவித்தார்கள், கடைசி ரேஸ் 2024 அக்டோபர் 5. குதிரைகளை வெளிநாட்டுக்கு விற்கவும், ஊழியர்கள் வேறு வேலை தேடவும் பதினாறு மாதம் இருந்தது. ரேஸ் தொடர்வதென்றால் ஒவ்வொரு பரிசுத்தொகையிலும் ஒரு சிறு பங்கை, ஓய்வு பெறும் குதிரையின் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் பிடிக்க வேண்டும். ஏழெட்டு வயதில் ஓட்டம் முடிந்த குதிரை இன்னும் பதினைந்து வருடமாவது புல் தின்னும்.

அன்புடன்.