அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின், நடிகை மர்லின் மன்றோ முகம் கொண்ட அச்சுகளை எங்கள் ஊர் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைப் பையன்கூடப் போட்டுவிடுவானே, அவற்றில் அப்படி என்ன இருக்கிறது?

போட்டுவிடுவான். திருப்பூரில் டேபிள் பிரிண்டிங் பட்டறை ஒன்றில் பல ஆண்டுகள் ஸ்குவீஜி, அதாவது மையை இழுக்கும் ரப்பர் பட்டை, பிடித்தவன் என்ற முறையில் இதைத் தயங்காமல் சொல்கிறேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ் துணியில், வெளிச்சம் பட்டால் இறுகும் எமல்ஷனைப் பூசிக் காயவைத்து, அதன்மேல் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், ஃபிலிமில் கறுப்பாக இருந்த இடங்களில் மட்டும் துணியின் கண்கள் திறந்துகொள்ளும். அவற்றின் வழியே மையை இழுத்தால் படம் இறங்கிவிடும். விலைச் செய்தி ஏதோ ஒன்றைப் படித்த எரிச்சலில் நீங்கள் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் "பட்டறைப் பையன்கூட" என்பதில் உள்ள அந்தக் "கூட" என்னைக் கொஞ்சம் உறுத்தியது.

ஏனெனில் நியூயார்க்கில் வார்ஹோலுடன் சேர்ந்து ஸ்கிரீன் இழுத்தவரும் ஒரு பட்டறைப் பையன்தான். 1963-இல் ஜெரார்டு மலாங்கா என்ற இளைஞரை மணிக்கு ஒன்றேகால் டாலர் கூலிக்கு வார்ஹோல் சேர்த்துக்கொண்டார். மலாங்கா அதற்கு முன்பே கழுத்துப்பட்டித் துணிக்கு ஸ்கிரீன் போட்டுப் பழகியவர். வார்ஹோலும் வானத்திலிருந்து குதித்தவர் அல்லர். செருப்பு விளம்பரங்களுக்கு ஆர்டரின் பேரில் படம் வரைந்து பிழைத்தவர். 1962-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் காட்டிய 32 கேம்ப்பெல் சூப் டப்பா ஓவியங்களை அச்சு என்றே பலர் நினைக்கிறார்கள். அவை கையால் தீட்டியவை. அதே ஆண்டில்தான் அவர் புகைப்படத்தை ஸ்கிரீனில் ஏற்றத் தொடங்கினார். ஆகஸ்டில் மர்லின் மன்றோ இறந்ததும், 'நயாகரா' படத்தின் விளம்பரப் புகைப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதே முகத்தை 50 முறை இறக்கினார்.

லண்டனில் இருக்கும் மகனைப் பார்க்கச் சென்றிருந்தபோது, டேட் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான அந்த இரட்டைப் பலகையின் முன் நின்றேன். இடப்பக்கம் 25 வண்ண முகங்கள், வலப்பக்கம் 25 கறுப்பு வெள்ளை முகங்கள். அருகில் நின்றவர்கள் மரணம், மறதி என்று பேசிக்கொண்டதாக மகன் சொன்னான். என் கண்ணுக்கு முதலில் பட்டதோ வேலையில் நேர்ந்த கோளாறுதான். கறுப்புப் பலகையில் ஒரு வரிசையில் மை மிகுந்து முகமே அப்பிக்கிடக்கிறது. வலது ஓரத்தை நெருங்க நெருங்க, மை காய்ந்து ஸ்கிரீன் துணியின் கண்கள் அடைபட்டதைப் போல முகம் வெளிறிக் கரைகிறது. வண்ணப் பலகையில் நிறங்களைக் கையால் முதலில் தீட்டிவிட்டு அவற்றின்மேல் கறுப்பை இறக்கியதால், உதட்டுச் சிவப்பும் இமை நீலமும் தத்தம் எல்லையில் நிற்கவில்லை.

எங்கள் பட்டறையில் இவை அத்தனையும் ரிஜெக்ட். நூலளவு நிறம் விலகினாலும் மேற்பார்வையாளர் அந்தப் பீஸை ஒதுக்கி வைப்பார். துணி சுருங்கியதாலோ, மேசை சமமாக இல்லாததாலோ விலகியிருந்தாலும் அதற்கான பணம் எங்கள் கூலியில்தான் பிடிக்கப்படும். அந்தக் கணக்கை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆகவே, இழுக்கத் தெரிந்த எவரும் கழித்துப் போடும் தாளைக் கழிக்காமல் சுவரில் மாட்டலாம் என்று முடிவெடுத்ததுதான் வார்ஹோல் செய்த வேலை என்பது என் கருத்து. முதலாளியும் தானே, மேற்பார்வையாளரும் தானே என்றிருந்த ஒருவரால் மட்டுமே அப்படி முடிவெடுக்க இயலும். பட்டறைக்காரனுக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும் என்று பின்னூட்டம் எழுத வருவோர், அந்தப் பலகையின் வலது ஓரத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு வரட்டும்.

அதன் செல்வாக்கை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் வெளிநாட்டு பையர்களிடமிருந்து வந்த டீ ஷர்ட் டிசைன்களில், நிறம் கோட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விலகியிருக்க வேண்டும் என்று குறிப்பே எழுதியிருந்தார்கள். அந்த விலகலும் எல்லாப் பீஸிலும் இம்மி பிசகாமல் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் விலகியதை ரிஜெக்ட் என்று ஒதுக்கினார்கள்! கைப்பேசிச் செயலிகளில் ஒரே முகத்தை நான்கு கட்டங்களில் நான்கு அடர்நிறங்களில் காட்டும் வசதியும் அதே வழியில் வந்ததுதான்.

விலைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1964-இல் செய்த ஒரு மர்லின் 2022-இல் ஏறத்தாழ 195 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது பணக்காரர்களின் விவகாரம். அவரே 1967-இல் பத்து மர்லின்களைத் தாளில் அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் 250 படிகள் விற்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனக்கு அவர்மீது குறை உண்டென்றால், அது மூலப் புகைப்படம் எடுத்தவர்களைப் பற்றியது. 'பூக்கள்' என்ற தன் ஓவிய வரிசைக்காக பாட்ரிசியா கால்ஃபீல்டு எடுத்த செம்பருத்திப் படத்தைக் கேட்காமல் எடுத்தாண்டு, வழக்கு வந்த பிறகே சமரசத்துக்கு வந்தார். லின் கோல்ட்ஸ்மித் எடுத்த பாடகர் பிரின்ஸின் படத்திலிருந்து உருவான அச்சை, வார்ஹோலின் அறக்கட்டளை 2016-இல் ஒரு பத்திரிகைக்கு 10,000 டாலருக்கு உரிமம் கொடுத்தபோது, கோல்ட்ஸ்மித்துக்கு ஒரு காசும் போகவில்லை. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. இனிக் கலைஞர்களின் கை கட்டப்பட்டுவிடும் என்று அப்போது சிலர் எழுதினார்கள். ஒரு படத்துக்குப் பணம் வாங்கும்போது அதை எடுத்தவருக்கும் பங்கு கொடு என்பதில் எந்தக் கை கட்டப்படுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.