வீடு கேள்வி – பதில்: வீல்சேருக்கு பாத்ரூம் எவ்வளவு பெரிசு வேண்டும்?

கேள்வி: ஆனையூரில் கட்டிக்கொண்டிருக்கும் அபார்ட்மென்டில் வீடு புக் பண்ணியிருக்கிறோம். பக்கவாதம் வந்த அம்மா வீல்சேரில்தான் இருக்கிறார், அக்காதான் குளிப்பாட்டி விடுகிறார். பாத்ரூம் ஏழுக்கு நாலு அடி. பில்டர் இதுவே தாராளம் என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மச்சான், அங்கே சட்டமே ஷவருக்கு 36-க்கு 36 அங்குலம்தான் கேட்கிறது, போதும் என்கிறார். யார் சொல்வது சரி சார்?
– வாசகர், மதுரை

பதில்: மச்சான் சொன்ன அளவு நிஜம்தான், மாற்றுத்திறனாளிகளுக்கான 2010 அமெரிக்க விதியில் இருக்கிறது. ஆனால் அது வீல்சேரை வெளியே நிறுத்திவிட்டு, தானாகவே உள்ளே இருக்கும் பலகைக்கு மாறி உட்காரத் தெம்பு உள்ளவருக்கான ஷவர். உட்கார்ந்த இடத்திலிருந்தே எதிர்ச் சுவரில் இருக்கும் குழாயை எட்டிப் பிடிக்க வேண்டும் என்பதால்தான் வேண்டுமென்றே சின்னதாக வைத்தார்கள், பெரிசாக்கினால் கை எட்டாது. வீல்சேரோடு உள்ளே போவதற்கு அதே விதியில் வேறு அளவு: குறைந்தது 30-க்கு 60 அங்குலம். உங்கள் அம்மாவுக்கு அதுதான் பொருந்தும், அதற்கு மேலும் கொஞ்சம் வேண்டும், ஏனென்றால் நம் வீட்டில் ஷவரில் யார் குளிக்கிறார்கள், பக்கெட்டும் மக்கும்தான், அந்தப் பக்கெட்டுக்கும் குனிந்து நிற்கும் அக்காவுக்கும் இடம் வேண்டாமா?

பில்டர் கணக்குக்கு வருவோம். ஏழுக்கு நாலு என்றால் 28 சதுர அடி. டாய்லெட்டும் குளியலும் சேர்ந்த சாதாரண பாத்ரூமுக்கே நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு (National Building Code) குறைந்தது 2.8 சதுர மீட்டர், அதாவது சுமார் 30 சதுர அடி சொல்கிறது. இதில் தாராளம் எங்கே இருக்கிறது? அதுவும் அந்த நாலு அடி செங்கலுக்குச் செங்கல் அளந்ததா என்று கேளுங்கள், பூச்சும் டைல்ஸும் இரண்டு பக்கமும் சேர்ந்து இரண்டு மூன்று அங்குலத்தைச் சாப்பிட்டுவிடும். வீல்சேர் திரும்ப 1500 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஐந்து அடி வட்டம் வேண்டும். நாலு அடியில் நேராக உள்ளே போகலாம், வெளியே வர பின்பக்கமாகத்தான் இழுக்க வேண்டும்.

நான் கேட்பது டைல்ஸ் ஒட்டிய பிறகு ஐந்தரைக்கு எட்டு அடி. குளிக்கும் இடத்தைத் தடுப்புக் கட்டாமல் தரையோடு தரையாக விட்டால், திரும்பும் வட்டமும் அதற்குள்ளேயே அடங்கும். கதவைத் திறந்தபின் சுத்தமாக 900 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், கதவு வெளியே திறக்கட்டும். வழக்கமான இரண்டரை அடி கதவில் வீல்சேர் உரசும். தரைக்கு அடியில் குழாய் போக பாத்ரூம் ஸ்லாபைத் தாழ்த்திக் கான்கிரீட் போடுவதற்கு முன்னாலேயே பில்டரிடம் பேசிவிடுங்கள், போட்டுவிட்டால் செங்கல் சுவரைத் தள்ளினாலும் தாழ்ந்த பள்ளம் கூடவே நகராது.

கேள்வி: வீல்சேருக்காக பாத்ரூம் வாசல்படியை எடுத்தால் தண்ணீர் ஹாலுக்கு வராதா?
– வாசகி, ஒத்தக்கடை

பதில்: வாட்டம் சரியாக இல்லாவிட்டால் படி இருந்தாலும் வரும். ஐம்பதுக்கு ஒன்று என்று நானி டிராப்பை (தரையில் தண்ணீர் இறங்கும் ஜாலித் துளை) நோக்கி வாட்டம் கொடுங்கள், வாசலை ஒட்டி ஒரு நீள டிரெயின் வைத்தால் இன்னும் நல்லது. ரொம்பவும் பயமாக இருந்தால் அரை அங்குலம் வரை சரிவாகச் செதுக்கிய விளிம்பு விடலாம், வீல்சேர் ஏறிவிடும். டைல்ஸை ஒட்டுவதற்கு முன் கொத்தனாரை நிற்க வைத்து ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். அப்புறம், பிடிமானக் கம்பி வரும் இடத்தில் லேசான பிளாக் சுவர் இருந்தால் வெறும் ஸ்க்ரூ தாங்காது, சுவரைத் துளைத்துப் போல்ட் போடச் சொல்லுங்கள். துண்டு காயப்போடும் கம்பியை அதற்குப் பதிலாக மாட்டித் தருவார்கள், வாங்காதீர்கள்.