தீசிஸ் கட்டுரையில் யார் பெயர், எந்த வரிசையில்?

கேள்வி: நுரையீரல் மருத்துவத்தில் எம்.டி. இறுதியாண்டு படிக்கிறேன். காசநோயோடு சர்க்கரை நோயும் உள்ளவர்களைப் பற்றிய என் தீசிஸைக் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். நான், என் கைடு (ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியர்), புள்ளியியல் பகுதியைச் செய்த சமூக மருத்துவத் துறை நண்பர் என மூன்று பெயர்கள். ரிவியூ (சக நிபுணர்களின் மதிப்பீடு) முடிந்து, திருத்தி அனுப்ப 30 நாள் கெடு கொடுத்திருக்கிறார்கள். இப்போது துறைத் தலைவர் தன் பெயரை முதலில் போடச் சொல்கிறார். துறையில் உள்ள இரண்டு உதவிப் பேராசிரியர்களையும் சேர்க்க வேண்டுமாம். தீசிஸ் சான்றிதழில் அவர் கையெழுத்து இன்னும் பாக்கி. என்ன செய்வது?

பதில்: இதழின் இணையதளத்துக்குள் போய் நீங்களாகப் பெயர்களை மாற்றிவிடாதீர்கள். பல இதழ்களில் பெயர்ப் பட்டியல் மாறிய உடனே எல்லாக் கட்டுரையாளர்களுக்கும் மின்னஞ்சல் போய்விடும். திருத்தம் அனுப்பும் கட்டத்தில் மூன்று பெயர் ஆறாக மாறுவதை இதழாசிரியர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஏற்கப்படும் நிலைக்கு வந்த கட்டுரையில் இடத்தை விலைக்கு விற்கும் 'பேப்பர் மில்' கும்பல்களும் இதே கட்டத்தில்தான் பெயர் சேர்க்கின்றன.

கட்டுரையாளர் யார் என்பதற்கு மருத்துவ இதழ்கள் பெரும்பாலும் பின்பற்றுவது ஐ.சி.எம்.ஜே.இ. என்ற பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழுவின் விதி. அதில் நான்கு நிபந்தனைகள். ஆய்வைத் திட்டமிட்டது, தரவு திரட்டியது, அலசியது, பொருள் விளக்கியது ஆகியவற்றில் ஒன்றிலாவது கணிசமான பங்கு வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது உள்ளடக்கத்தில் கைவைத்துத் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். நாளை எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி வந்தாலும், அது விசாரித்துத் தீர்க்கப்படும்வரை பொறுப்பேற்க ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த நான்காவது 2013-இல் சேர்ந்தது. நான்கில் மூன்று இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, நான்கும் வேண்டும்.

இந்த அளவுகோலில் ஒவ்வொருவரையும் வைத்துப் பாருங்கள். உங்களுக்கும் கைடுக்கும் கேள்வியே இல்லை. நண்பர் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டி அட்டவணையை மட்டும் தந்திருந்தால் அவருக்கு உரியது நன்றியுரை. எந்த அலசல் பொருந்தும் என்று முடிவு செய்து, முறைகள் பகுதியையும் எழுதியிருந்தால் அவர் கட்டுரையாளர். ஜீன்எக்ஸ்பர்ட் என்ற காசநோய்ப் பரிசோதனையின் முடிவுகளை வழக்கமான பணியாகத் தந்த ஆய்வகம், வார்டில் நோயாளிகளைப் பார்க்க அனுமதித்த யூனிட் தலைவர், இவர்களும் நன்றியுரைக்கு உரியவர்கள். துறையை நடத்துவது, நிதி வாங்கித் தருவது, பொதுவான மேற்பார்வை ஆகியவை மட்டும் ஒருவரைக் கட்டுரையாளர் ஆக்காது என்று அந்த விதி வெளிப்படையாகவே சொல்கிறது.

வரிசை விஷயத்தில் விதி உங்கள் பக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள், படிப்பின் கட்டாயப் பகுதியாகச் செய்த ஆய்வில் மாணவரே முதன்மைக் கட்டுரையாளர் என்கின்றன. ஐ.சி.எம்.ஜே.இ. விதியின் இரண்டாவது முதல் நான்காவது வரையிலான நிபந்தனைகளையும் நிறைவேற்ற அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் போட்டு வாதாட வேண்டாம், கைடு வழியாகப் போகட்டும்.

துறைத் தலைவர் ஏன் முதல் இடம் கேட்கிறார் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். பதவி உயர்வுக்கான தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 தகுதி விதிகள், கட்டுரையில் முதல் மூன்று பெயர்களையும், இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் தொடர்புக் கட்டுரையாளரையும்தான் கணக்கில் எடுத்தன. அந்த விதிகளின்படி வெறுமனே நான்காவது இடத்தில் இருப்பவருக்குப் பயன் இல்லை. இழுபறி பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. உதவிப் பேராசிரியர்களின் பெயரும் அதனால்தான் கேட்கப்படுகிறது என்று ஊகிக்கலாம்.

நேர்மையான ஒரு வழி இன்னும் திறந்திருக்கிறது. ரிவியூவர் கேள்விகள் கைக்கு வந்திருக்கின்றன அல்லவா? அவற்றில் மருத்துவ அனுபவம் தேவைப்படுவதை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போங்கள். "சார், சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்குச் சளிப் பரிசோதனை நெகட்டிவ் ஆக ஏன் தாமதமானது என்று ரிவியூவர் கேட்கிறார். தரவு முழுதையும் கொண்டுவந்திருக்கிறேன். சார் பார்த்து விவாதப் பகுதியைத் திருத்தித் தந்தால், பங்களிப்பு அறிக்கையில் அதை அப்படியே குறிப்பிட முடியும்." தரவைப் பார்த்து, விளக்கத்தை மாற்றி, பத்திகளைத் திருத்தி, இறுதி வடிவத்துக்குப் பொறுப்பேற்றால் அவர் உண்மையாகவே கட்டுரையாளர் ஆகிறார். அவர் திருத்திய கோப்பைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். ஒரு காற்புள்ளியை மாற்றித் திருப்பி அனுப்பினால் அது கணக்கில் வராது. இப்படிச் சேர்பவருக்கு முதல் இடம் கிடையாது. உதவிப் பேராசிரியர்களுக்கும் இதே அளவுகோல்தான்.

பெயர் சேர்ப்பதென்று முடிவானால் இதழாசிரியருக்குக் கடிதம் போக வேண்டும். கட்டுரை எண், பழைய வரிசை, புதிய வரிசை, புதியவர் எந்த ரிவியூவர் கேள்விக்காக எந்தப் பகுதியில் என்ன செய்தார், இவ்வளவும் அதில் இருக்கட்டும். பழைய மூவரும் புதியவரும் கையெழுத்திட வேண்டும். புதியவர் நலன் முரண் படிவத்தையும் (ஆய்வோடு தொடர்புள்ள சொந்த ஆதாயங்களை அறிவிப்பது) நிரப்ப வேண்டும். பெயரை நீக்குவதென்றால் நீக்கப்படுபவரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் தேவை. பலர் தடுக்கி விழும் இடம் இது. இதழ்களுக்கு நெறிமுறை வகுக்கும் சி.ஓ.பி.இ. அமைப்பின் வழிமுறையும் இதையே சொல்கிறது: எல்லோரும் சம்மதிக்கும்வரை கட்டுரை நகராது.

யார் என்ன செய்தார் என்று கட்டுரையோடு வரும் பங்களிப்பு அறிக்கைதான் பொய் அச்சில் ஏறும் இடம். பல இதழ்கள் 14 வகைப் பங்குகள் கொண்ட 'கிரெடிட்' வகைப்பாட்டைக் கேட்கின்றன. "எல்லோரும் சமமாகப் பங்களித்தனர்" என்று மழுப்பாதீர்கள். "ஆய்வுத் திட்டம்: க., ரா.; தரவு திரட்டல்: க.; புள்ளியியல் அலசல்: மு.; முதல் வரைவு: க.; விவாதப் பகுதித் திருத்தம்: ரா." என்று முதலெழுத்துகளோடு எழுதுங்கள். எந்த வரியிலும் பொருந்தாத பெயர் தானாகவே வெளியே நிற்கும். உங்களால் சொல்ல முடியாததை இந்தப் படிவம் சொல்லிவிடும். சக கட்டுரையாளருக்குப் போலி மின்னஞ்சல் முகவரி தொடங்குவதும், அவர் கையெழுத்தை நீங்களே போடுவதும் எந்த அவசரத்திலும் வேண்டாம்.

பெயரை இரவல் கொடுப்பதில் ஆபத்து துறைத் தலைவருக்கும்தான். 1994-இல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவர் ஒருவர், கருப்பைக்கு வெளியே தங்கிய கருவை எடுத்துக் கருப்பையில் பதித்ததாகவும் குழந்தை பிறந்ததாகவும் ஓர் ஆய்விதழில் எழுதினார். அப்படி ஒரு நோயாளியே இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்தக் கட்டுரையில் அவருடைய துறைத் தலைவரின் பெயரும் இருந்தது. அந்தத் தலைவர் அதே இதழின் ஆசிரியர், பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரித் தலைவர். ஆய்வில் தனக்குப் பங்கில்லை, மரியாதைக்காகப் பெயர் போடுவது வழக்கம் என்றார். இரண்டு பதவிகளையும் விட்டு விலக வேண்டியதாயிற்று. எழுதியவரின் பெயர் 1995-இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. 2020 மே 22-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, கோவிட் நோயாளிகளுக்குத் தரப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றிய கட்டுரை 96,032 நோயாளிகளின் தரவு என்று சொன்னது. முழுத் தரவைத் தனித் தணிக்கைக்குப் பெற முடியவில்லை என்று நான்கு கட்டுரையாளர்களில் மூவர் சொல்ல, ஜூன் 4-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அச்சுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய தரவு.

இனி கையெழுத்து. இது விதியைவிடப் பெரிய சிக்கல் என்று தெரிகிறது. 30 நாள் கெடு கல்லில் எழுதியது இல்லை. கெடு முடியும் முன்பே, "கட்டுரையாளர்களிடையே ஆலோசனை நடக்கிறது, கூடுதல் அவகாசம் வேண்டும்" என்று இதழுக்கு எழுதுங்கள், பெரும்பாலும் தருவார்கள். தீசிஸ் சான்றிதழ் கையில் வரும்வரை கட்டுரை காத்திருக்கட்டும். ஒத்துவரவில்லை என்றால் இதழாசிரியர் பஞ்சாயத்து செய்ய மாட்டார். ரிவியூவை நிறுத்திவைத்து உங்கள் கல்லூரியிடமே தள்ளிவிடுவார். கைடு துணையோடு கல்லூரியின் ஆராய்ச்சிக் குழுவையோ முதல்வரையோ அணுகுங்கள். யார் எப்போது என்ன செய்தார் என்ற தேதிவாரிப் பட்டியல் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

கோபத்தில் வேறு இதழுக்கு அனுப்பிவிடுவது இரட்டைச் சமர்ப்பிப்பு, அதாவது ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்குத் தரும் தவறு. முதல் இதழிலிருந்து மூவரும் ஒப்புக்கொண்டு எழுத்தில் திரும்பப் பெற்று, அந்த உறுதி மின்னஞ்சல் வந்த பிறகுதான் அடுத்த இதழைத் தொட வேண்டும். கைடை விட்டுவிட்டு அனுப்பினால் அதுவும் தவறு: தகுதியுள்ளவரின் பெயரை மறைப்பது, தகுதியில்லாதவரைச் சேர்ப்பதற்குச் சமம். துறைத் தலைவர் நன்றியுரையோடு நின்றுவிட ஒப்புக்கொண்டால், அந்த வாக்கியத்தை அவரிடம் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நன்றியுரையில் பெயர் வந்தால் முடிவுகளை அவர் ஆமோதிக்கிறார் என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பதால், இதையும் சில இதழ்கள் கேட்டு வாங்குகின்றன.