தூக்கத்தில் யாரோ நெஞ்சின் மேல் உட்கார்ந்து அமுக்குவது போல் இருக்கிறதே, அது என்ன?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் விழிப்பு வருகிறது. அறை தெரிகிறது, பக்கத்தில் தம்பி படுத்திருப்பது தெரிகிறது. ஆனால் கை காலை அசைக்க முடியவில்லை, கத்தப் பார்த்தால் குரல் வரவில்லை, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல் மூச்சு முட்டுகிறது. வீட்டில் அமுக்குவான் பேய் என்கிறார்கள், நண்பர்கள் வெறும் பிரமை என்கிறார்கள். எது சரி?

இரண்டுமே சரியில்லை. பேய் இல்லை என்பது உறுதி. ஆனால் 'பிரமை' என்று சொல்லி ஆளை அனுப்பிவிடுவதும் தப்பு. உங்கள் உடம்பு உண்மையிலேயே அந்த நேரத்தில் அசையாது. நீங்கள் உண்மையிலேயே விழித்திருந்தீர்கள். இதற்கு மருத்துவத்தில் ஸ்லீப் பராலிசிஸ் என்று பெயர். தமிழில் தூக்க முடக்கம் என்று சொல்லலாம்.

எனக்கு இது கல்லூரி விடுதியில் ஆரம்பித்தது. பரீட்சைக்காக இரவெல்லாம் விழித்துப் படித்துவிட்டு, விடிகிற நேரத்தில் படுத்திருப்பேன். கண் திறந்திருக்கும். மேலே மின்விசிறி சுற்றுவது தெரியும், நாற்காலியில் கிடக்கும் துண்டு தெரியும், அடுத்த கட்டிலில் இருப்பவள் புரண்டு படுக்கிற சத்தம் கேட்கும். அதே சமயம் கதவு ஓரமாக ஒரு ஆள் நிற்பார். முகம் இருக்காது, இருட்டில் இன்னும் கொஞ்சம் அடர்த்தியான இருட்டு, அவ்வளவுதான். ஆனால் அவர் என்னைத்தான் பார்க்கிறார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்காது. கெட்ட கனவு கண்டு எழுந்தால் 'அப்பாடா, கனவு' என்றாவது இருக்கும். இதில் அந்த நிம்மதியும் கிடையாது, ஏனென்றால் அறை நிஜம், துண்டு நிஜம்.

சரி, இது எப்படி நடக்கிறது?

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியல் கிளைட்மன் என்ற இருவரும் தூங்குகிறவர்களின் கண்கள் சில நேரங்களில் இமைக்குள்ளேயே வேகமாக அசைவதைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். அசெரின்ஸ்கி அளவுக்கருவியை மாட்டிச் சோதித்தவர்களில் அவருடைய 8 வயது மகனும் ஒருவன். அந்தக் கட்டத்தைத்தான் இன்று ரெம் தூக்கம் என்கிறோம். நன்றாக விவரித்துச் சொல்லக்கூடிய, கதை போல நீளும் கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் வருகின்றன. அது ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும், விடியவிடிய அதன் நீளம் கூடும். உங்களுக்கு இது விடியற்காலையில் வருவது அதனால்தான்.

அதற்குச் சில வருடங்கள் கழித்து, பிரான்சின் லியோன் நகரத்தில் மிஷேல் ஜூவே பூனைகளை வைத்து ஆராய்ந்தார். ரெம் தூக்கத்தில் பூனையின் மூளை அலைகள் விழித்திருப்பது போலவே இருந்தன, கழுத்துத் தசையிலோ இறுக்கமே இல்லை, முழுக்கத் தளர்ந்து கிடந்தது. மூளை ஓடுகிறது, உடம்பு கிடக்கிறது. இந்த முரணை வைத்து அவர் அதை 'முரண்தூக்கம்' என்றே அழைத்தார். பிறகு மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதிக்குள் ஒரு சிறிய இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். அந்தப் பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து, பதுங்கி, அங்கே இல்லாத இரையின் மேல் பாய்ந்தன. கனவில் செய்வதை உடம்பு செய்துவிடாமல் தடுக்கும் ஏற்பாடு ஒன்று மூளைத்தண்டில் இருக்கிறது என்பது அப்படித்தான் தெளிவானது.

அந்த ஏற்பாடு இப்படி வேலை செய்கிறது: பான்ஸிலிருந்து கிளம்பும் கட்டளை முகுளம் வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்குகிறது. அங்கே கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருட்கள் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அடக்கி வைக்கின்றன. வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும்: கிளட்சை மிதித்து வைத்திருக்கிறது மூளை, இன்ஜின் ஓடினாலும் சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. இரண்டு இடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கண்ணை அசைக்கும் தசைகள், அப்புறம் மூச்சை இழுக்கும் உதரவிதானம். இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள்.

வழக்கமாக ரெம் தூக்கம் முடியும்போது இந்த அடக்கம் விலகும், உணர்வும் வரும், இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே நடப்பதால் நாம் கவனிப்பதில்லை. சில சமயம் உணர்வு முந்திக்கொள்கிறது. நீங்கள் விழித்துவிட்டீர்கள், தண்டுவடம் இன்னும் தூக்கத்தில் இருக்கிறது. சில விநாடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்களைத் தூக்கத்தின் நடுவே எழுப்பி மறுபடி தூங்கவிட்டு, சிலருக்கு இந்த முடக்கத்தை ஆய்வகத்திலேயே வரவழைத்தார்கள். அப்போது மூளையில் விழிப்புக்குரிய ஆல்ஃபா அலைகள் நிறையவே இருந்தன, தசையோ ரெம் தூக்கத்தில் இருப்பது போல அடங்கியே இருந்தது. விழிப்பு என்பது மொத்தமாக ஒரே நொடியில் நடக்கிற விஷயம் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பகுதி பகுதியாக நடக்கிற வேலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அனுபவம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இப்போது நெஞ்சு அமுக்கம். ரெம் தூக்கத்தில் விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள தசைகளும் தளர்ந்துவிடுகின்றன. உதரவிதானம் மட்டும் தன்பாட்டுக்கு மூச்சை நடத்துகிறது, அந்த மூச்சு ஆழமாக இருக்காது. தூங்குகிறவருக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. விழித்துவிட்டவர் பயத்தில் ஒரு பெரிய மூச்சு இழுக்கப் பார்க்கிறார், நெஞ்சு விரிய மறுக்கிறது. அதுதான் மேலே பாரம் வைத்தது போன்ற உணர்வு. இழுக்க இழுக்க வராததால் பயம் கூடுகிறது, பயம் கூடக்கூட இன்னும் இழுக்கிறோம். ஆனால் உதரவிதானம் நிற்பதில்லை. மூச்சு போய்க்கொண்டேதான் இருக்கிறது.

சரி, அந்த ஆள்? கதவோரம் நிற்பவர்?

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் செய்ன் இந்த அனுபவங்களை நிறையச் சேகரித்து, அவை மூன்று கூட்டங்களாகச் சேர்வதை 1999இல் காட்டினார். யாரோ அறைக்குள் வந்திருக்கும் உணர்வு ஒன்று. நெஞ்சை அமுக்குவது, மூச்சை அடைப்பது இன்னொன்று. மிதப்பது, விழுவது, உடம்பை விட்டு வெளியே போவது போன்றவை மூன்றாவது. ரெம் தூக்கத்தில் பயத்தைக் கையாளும் அமிக்டலா சுறுசுறுப்பாக இருக்கிறது. ஆபத்து இருக்கிறது என்று அது அடித்துச் சொல்கிறது, ஆபத்து எங்கே என்று தெரியவில்லை, அந்த வெற்றிடத்தில் மூளை ஒரு ஆளை நிறுத்துகிறது என்பது செய்னின் விளக்கம்.

இதைவிட என்னை அசரவைத்தது 2006இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வுக் குறிப்பு. வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சைக்கு முன்பு, 22 வயதுப் பெண் ஒருவரின் மூளையில் ஓலாஃப் பிளாங்கேயின் குழுவினர் மெல்லிய மின்தூண்டல் கொடுத்துச் சோதித்தார்கள். பொட்டு மடல், உச்சி மடல் என்ற இரண்டு மூளைப் பகுதிகள் இடப்பக்கத்தில் சேரும் இடத்தைத் தூண்டியபோது, தனக்குப் பின்னால் யாரோ இருப்பதாக அவர் சொன்னார். அவர் மல்லாந்து படுத்திருந்தபோது அந்த நிழல் ஆளும் அவர் முதுகுக்குக் கீழே அதேபோலப் படுத்திருந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டபோது அதுவும் உட்கார்ந்து அவரைக் கட்டிக்கொண்டது, அது அவருக்குப் பிடிக்கவில்லை. கையில் ஒரு அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது, அந்த ஆள் அட்டையைப் பிடுங்கப் பார்ப்பதாகச் சொன்னார். அவர் எந்த நிலையில் இருந்தாரோ அதே நிலையில் அதுவும் இருந்தது. தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடும் இடம் குழம்பினால், சொந்த உடம்பின் உணர்வே இன்னொரு ஆளாகத் தோன்றிவிடுகிறது. இதைப் படித்த பிறகு கதவோரத்து ஆள் மேல் எனக்கிருந்த பயத்தில் பெரும்பகுதி போய்விட்டது. அவர் வெளியிலிருந்து வந்தவர் இல்லை.

உலகம் முழுக்க இவருக்குப் பெயர் உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி, எகிப்தில் ஜின், நம்மிடம் அமுக்குவான். ஹென்றி ஃபியூசெலி 1781இல் வரைந்த ஓவியம் ஒன்று அமெரிக்காவின் டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பெண் கட்டிலில் மல்லாந்து, தலை கீழே தொங்கக் கிடக்கிறாள், அவள் நெஞ்சின் மேல் ஒரு குட்டிப் பிசாசு குந்தியிருக்கிறது. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது அவள் எப்படிப் படுத்திருக்கிறாள் என்பதைத்தான் நான் கவனித்தேன்.

ஏனென்றால் எங்கள் ஆச்சி அதைத்தான் சொல்லிக்கொண்டே இருப்பார்: "ஏட்டி, மல்லாக்கப் படுக்காதன்னு எத்தன தடவ சொல்லுதேன், அமுக்கும்லா." ஆச்சி சொன்னது சரி. மல்லாந்து படுக்கும்போது இது அதிகம் வருவதை ஆய்வுகளும் காட்டுகின்றன. தலைமாட்டில் அரிவாளோ துடைப்பமோ வைப்பதில்தான் எனக்குத் தயக்கம். அது ஒரு தைரியத்தைக் கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சின்னப் பெண்ணின் தலையணைக்கு அடியில் இரும்பை வைக்கும்போது, 'ஒன்று வரத்தான் செய்கிறது' என்றும் அவளுக்குச் சொல்லிவிடுகிறோம். பாலண்ட் ஜலால், டெவன் ஹின்டன் என்ற ஆய்வாளர்கள் இந்த முடக்கத்தில் எகிப்தையும் டென்மார்க்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எகிப்தியர்களுக்கு இது அடிக்கடி வந்தது, நீண்ட நேரம் நீடித்தது, இதில் செத்துவிடுவோம் என்ற பயமும் அவர்களிடம் மிக அதிகமாக இருந்தது. பயந்து படுப்பவரின் தூக்கம் துண்டு துண்டாகிறது, துண்டான தூக்கத்தில் முடக்கம் வர வாய்ப்பு கூடுகிறது, வந்தால் பயம் உறுதியாகிறது. இந்தச் சுழலை முதலில் அறுக்க வேண்டியது விளக்கம்தான் என்று நான் நம்புவது இதனால்தான்.

இது அபூர்வமும் இல்லை. 2011இல் 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பொதுமக்களில் 7.6 சதவீதம் பேருக்கும், மாணவர்களில் 28.3 சதவீதம் பேருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது வந்திருந்தது. தூக்கம் கெடுகிற கூட்டத்தில் இது அதிகம் என்பதை மாணவர்களின் எண்ணிக்கையே சொல்கிறது. எனக்கும் பிற்பாடு இரவுப் பணிக்குப் போன காலத்தில் திரும்பி வந்தது, பகல் பணிக்கு மாறியதும் குறைந்தது.

நடக்கும்போது என்ன செய்வது? போராடாதீர்கள். எழுந்து உட்கார முயன்று முயன்று தோற்பதுதான் பயத்தை ஏற்றுகிறது. மூச்சை இழுக்கப் பார்க்காமல் அதன்போக்கில் விடுங்கள், உதரவிதானம் பார்த்துக்கொள்ளும். உருவத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கண்ணை மூடி, மனதை நல்லதாக ஒன்றில் நிறுத்துங்கள். எனக்கு முருகன் பெயரும், சிலருக்கு அம்மாவின் முகமும் உதவுகின்றன. நான் கட்டைவிரலை மட்டும் லேசாக அசைக்கப் பார்ப்பேன், பல நேரம் அதிலேயே கலைந்துவிடும். யாராவது தொட்டு உலுக்கினாலும் பெரும்பாலும் கலையும், அதனால் கூடப் படுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. கலைந்ததும் அப்படியே மறுபடி கண்ணை மூடாதீர்கள், உடனே திரும்ப வரும். எழுந்து முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு, ஒருக்களித்துப் படுங்கள். மற்றபடி ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவதுதான் நீண்டநாள் வைத்தியம்.

எப்போதாவது வந்து போனால் மருத்துவரிடம் போக வேண்டிய அவசியமில்லை. வாரம் தவறாமல் வந்தால், தூங்கப் போகவே பயமாக இருந்தால் போங்கள். பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே அடக்க முடியாமல் தூக்கம் வந்தாலோ, பலமாகச் சிரிக்கும்போது முழங்கால் மடங்கித் தாடை தொங்கினாலோ தள்ளிப்போடவே கூடாது. அது நார்கோலெப்சியாக இருக்கலாம், விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற பொருளைச் சுரக்கும் மூளை அணுக்கள் குறைந்துபோவதால் வருவது. பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நரம்பியல் மருத்துவரையோ தூக்கப் பிரிவு உள்ள மருத்துவமனையையோ பாருங்கள். ஓர் இரவு அங்கேயே தூங்கவைத்து மூளை அலை, மூச்சு, தசை எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள், தேவைப்பட்டால் மறுநாள் பகலில் எவ்வளவு சீக்கிரம் தூங்கிவிடுகிறீர்கள் என்றும் அளப்பார்கள். ரெம் தூக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகள்தான் அவை. மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த ரெம் தூக்கம் பொங்கி எழுந்து தொல்லை கூடிவிடும்.