மரபணு அறிக்கை இருக்கட்டும், முழங்காலைக் காட்டுங்கள்

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியிலிருந்தே தொடங்குகிறேன், அம்மா. மூன்று வாரங்களுக்கு முன் வலைப்பந்துப் பயிற்சியில் குதித்து இறங்கியபோது இளைய மகளின் முழங்காலில் ‘படக்’கென்று சத்தம் கேட்டது, அன்று மாலைக்குள் மூட்டு வீங்கிவிட்டது, தைலம் தேய்த்து நீவியதில் வீக்கம் வடிந்தது, இப்போது வலியில்லை, மாடிப்படி இறங்கும்போது மட்டும் கால் நழுவுவதுபோல் இருக்கிறது என்கிறாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மூத்தவளுக்குக் கிழிந்த முழங்கால் ஜவ்வு இவளுக்கும் ஒருநாள் கிழியுமோ என்று அஞ்சி, மரபணு அறிக்கையும் வாங்கிவைத்துக்கொண்டு, இவள் விளையாடலாமா என்று கேட்கிறீர்கள். அது ஏற்கெனவே கிழிந்திருக்குமோ என்பது என் கவலை.

அடிபட்ட சில மணி நேரத்திற்குள் முழங்கால் வீங்கினால், உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். விளையாடும் வயதுப் பிள்ளைகளிடம் அதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று, மூட்டைத் தாங்கும் ‘முன் சிலுவைத் தசைநார்’ கிழிவது; அதைத்தான் நாம் ஜவ்வு என்கிறோம். யாரும் மோதாமலேயே, தவறாக இறங்கும் ஒரு நொடியில் இது நேரும். கிழிந்த ஜவ்வு சில வாரங்களில் வலிப்பதை விட்டுவிடும்; மூட்டைத் தாங்குவதையும் விட்டுவிடும். அந்தக் காலோடு அவள் ஆடினால், ஒவ்வொரு நழுவலிலும் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு வட்டு நசுங்கிக் கிழியக்கூடும், பின்னாளில் மூட்டுத் தேய்மானத்துக்கு வழிவிடுவது அந்தச் சேதமே.

ஆகவே இந்த வாரமே ஜெலுத்தோங்கில் உங்களுக்கு அருகிலுள்ள கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். முழங்காலைச் சற்றே மடக்கி, கெண்டைக்கால் எலும்பை முன்னோக்கி இழுத்து, மறுகாலோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே அனுபவமுள்ள மருத்துவருக்கு ஓரளவு தெரிந்துவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியுமே தவிர ஜவ்வு தெரியாது. “எலும்பு முறியவில்லை” என்ற பதிலோடு திரும்பி வராமல், பினாங்கு பொது மருத்துவமனையின் எலும்பியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. தேவையா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். இதற்கிடையில் முழங்கால் நீட்ட முடியாமல் பாதியில் பூட்டிக்கொண்டால், முறைக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நீவுவது போதும், இனி மருத்துவரைத் தவிர யாரும் அந்தக் காலைத் தொட்டு இழுக்க வேண்டாம்.

இனி, “என் இரத்தம்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் இதைக் கொடுத்ததா” என்ற கேள்வி. பரம்பரைக்குப் பங்குண்டு, அதை மறைக்க மாட்டேன். சுவீடனில் இரட்டையர்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, இந்தக் காயத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 70 விழுக்காட்டை மரபோடு தொடர்புபடுத்துகிறது. உங்கள் மகளுக்குக் கிழிய 70 விழுக்காடு வாய்ப்பு என்று அதற்குப் பொருளல்ல. இணையத்தில் அப்படித்தான் படித்துவிட்டுப் பயப்படுகிறார்கள். எச்சில் அனுப்பி நீங்கள் வாங்கிய அறிக்கை சுட்டும் கோல்1ஏ1, கோல்5ஏ1 ஆகியவை, தசைநாருக்கு வலுத்தரும் கொல்லாஜனை உருவாக்கும் மரபணுக்கள். அவற்றின் சில வகைகளுக்கும் இந்தக் காயத்துக்கும் தொடர்பு சில ஆய்வுகளில் தென்பட்டது. வேறு மக்களிடம் அதே முடிவு எப்போதும் கிடைக்கவில்லை. தனித்தனியே அவற்றின் விளைவும் சிறியது. அதை வைத்து ஒரு பிள்ளையின் விளையாட்டை நிறுத்தச் சொல்பவர் மருத்துவம் பேசவில்லை, வியாபாரம் பேசுகிறார். அக்காவுக்குக் கிழிந்தது என்ற ஒரு வரி, நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பக்கங்களைவிட எனக்கு அதிகம் சொல்கிறது.

மூட்டுக்கு நல்லதென்று நீங்கள் கொடுத்துவரும் குளுக்கோசமைனும் கொல்லாஜன் தூளும் கிழிந்த ஜவ்வை ஒட்டவைக்காது, நிறுத்திவிடுங்கள். மூட்டில் எப்போதாவது ‘சொடக்’கென்று வலியின்றிக் கேட்கும் ஒலிக்கும் பயப்பட வேண்டாம்.

ஜவ்வு முழுமையாக இருந்தால் அவள் தாராளமாக ஆடலாம். ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கே இக்காயம் கூடுதலாக ஏற்படுகிறது என்பதாலும் குடும்பத்தில் ஒருவருக்கு வந்துவிட்டது என்பதாலும், முழங்கால் உட்பக்கம் சாயாமல் மடக்கி இறங்கும் பயிற்சியும் பின்தொடைத் தசைக்கான பயிற்சியும் ஒவ்வொரு ஆட்டத்திற்கு முன்னும் கட்டாயம். இந்தப் பயிற்சிகளால் காயம் கணிசமாகக் குறைவது ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. ஒருவேளை கிழிந்திருந்து அறுவை செய்ய நேர்ந்தால், குறைந்தது 9 மாதங்களுக்குத் திடலுக்கு அனுப்பாதீர்கள். அவசரப்பட்டுத் திரும்புகிறவர்களுக்கு மறுபடியும் கிழியும் ஆபத்து அதிகம். முடிவு தெரியும்வரை பயிற்சிக்கும் போட்டிக்கும் விடுப்பு எடுக்கட்டும். பயிற்சியாளர் முகம் சுளித்தால், கிளினிக்கில் கேளுங்கள், விடுப்புச் சான்று எழுதித் தருவார்கள்.